புறம்போக்கும் புன்னைக் கன்றும்

தமிழில் பிறந்து தமிழன் வாயாலேயே இழிவடைந்த சொற்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று புறம்போக்கு. இன்று சென்னைத் தெருக்களில் ஒருவனை மற்றொருவன் வைதற்கு அச்சொல் பயன்படுகின்றது. எதற்கும் உதவாதவன், கேட்பாரற்றவன் என்பதே அதன் பொருளாகிவிட்டது. அதன் முதற்பொருள் அதுவன்று. வரிவிதிப்பிற்கும் தனியுடைமைக்கும் புறத்தே விடப்பெற்ற நிலமே புறம்போக்கு. ஏரி, குளம், ஓடை, மேய்ச்சல்வெளி, களம், சுடுகாடு, வண்டித்தடம், ஒற்றையடி வழி ஆகிய அனைத்தும் புறம்போக்கே. தனியொருவனுக்கு உரியதாகாமையால் ஊர் முழுமைக்கும் உரியதாயிருந்த நிலம் அது. 'ஊருக்கு உரியது' என்னும் பொருள் தேய்ந்து, 'யாருக்கும் உரியதன்று' எனத் திரிந்த அன்றே அந்நிலத்தின் கேடும் தொடங்கிற்று. சொல் கெட்டது முன்னோ, நிலம் கெட்டது முன்னோ என்று வழக்காட வேண்டுவதில்லை. இரண்டும் ஒருங்கே கெட்டன. இரண்டையும் ஒருங்கே மீட்டல் வேண்டும்.

இவ்வுண்மையைக் கண்ணாரக் காண விழைவார் இராயபுரம் தொடங்கி எண்ணூர்வரை நடந்து பார்க்கட்டும். தென்னாட்டின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. 1875-ஆம் ஆண்டளவில் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கிற்று. கடலுக்குள் நீண்ட அதன் சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மெரினா மணற்பரப்பு அகன்றது; வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் தம் கரையைக் கடலுக்கு இழந்தன. பின்னர் மணலியில் எண்ணெய்த் தூய்விப்பாலையும், எண்ணூரில் அனல்மின் நிலையங்களும், 2001-இல் மற்றொரு துறைமுகமும் வந்தன. நாட்டின் செல்வமெல்லாம் இவ்வழியே போகின்றது. இங்கு வாழ்வார்க்கோ கால்வைத்து நடக்க ஒரு வழியில்லை. சாலையோரம் முழுதும் சரக்குப்பெட்டக ஊர்திகள் வரிசையிட்டு நிற்க, பள்ளிப் பிள்ளையும் மீன்கூடை சுமந்த தாயும் அவற்றின் உருளைகளுக்கிடையே புகுந்து செல்கின்றனர்.

அவர்களுக்கு வழி இல்லாமலில்லை. வழி இருந்தது. 1806-ஆம் ஆண்டளவில் எண்ணூர்வரை வெட்டப்பட்ட கால்வாய் பின்னர் வடக்கும் தெற்குமாக நீட்டிக்கப் பெற்றது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, 1876 முதல் 1878 வரையிலான கொடும் பஞ்சத்தில் பசித்த மக்களின் கைகளால் தோண்டப்பட்டது. தோண்டியவர் பெயர் எங்கும் இல்லை. அன்றிருந்த வெள்ளை ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கயிறு கட்டி இழுத்தவர்கள் அதன் கரைமேல் நடந்தனர். படகு நின்றது, இழுத்தவர் மறைந்தனர், கரை மட்டும் கிடக்கின்றது. இன்று அதன்மேல் சீமைக் கருவேலும் நெகிழிக் குப்பையும் கட்டட இடிபாடுகளும் மண்டியுள்ளன. கேட்டால் 'அது புறம்போக்கு' என்பர். ஆம், புறம்போக்குத்தான். அதனாலேயே அது மக்களுக்கு உரியது!

இத்தகைய நிலத்தை எவர் இசைவையும் எதிர்பாராது மக்களே மீட்டெடுத்த வரலாறுகள் உலகில் உண்டு. 1973-ஆம் ஆண்டில் நியூயார்க்கில், குப்பை மலிந்து கிடந்த ஒரு மனையை இலிசு கிறிசுட்டி என்னும் அம்மையாரும் அவர்தம் தோழர்களும் தோட்டமாக்கினர். தம்மைப் பசுமைக் கரந்தடிப் படையினர் என்று அவர்கள் அழைத்துக்கொண்டனர். வேலிக்குள் புக முடியாத இடங்களில் விதையுருண்டைகளை வீசினர். அடுத்த ஆண்டே அந்நகராட்சி அம்மனையைத் திங்களுக்கு ஒரு டாலர் வாடகைக்கு அவர்களிடம் விட்டது. 2010-இல் இலாசு ஏஞ்சலிசு நகரில், நடைவழிக்கும் சாலைக்கும் இடைப்பட்ட குறுகிய மண்ணில் இரான் பின்லி என்பார் காய்கறி பயிரிட்டார். நகராட்சி அவர்மேல் குற்றம் சாற்றியது. மக்கள் அவர் பக்கம் நின்றனர். முடிவில் விதியே தளர்ந்தது.

கரந்தடி என்னும் பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆநிரை கவர்தலுக்கு வெட்சி என்றும், கவரப்பட்ட நிரையை மீட்டலுக்குக் கரந்தை என்றும் பெயரிட்ட இனம் இது. ஊர்ப்பொதுவைக் கவர்ந்தவன் செய்தது வெட்சி. அதில் ஒரு கன்றை நட்டு மீட்பவன் செய்வது கரந்தை.

அன்றியும், இச்செயல் தமிழர்க்குப் புதுவதும் அன்று. நற்றிணையின் 172-ஆம் பாட்டில் வரும் புன்னையை நட்டவர் எவர்? அரசனும் அல்லன், அலுவலனும் அல்லன். வெண்மணலில் விளையாடிய சிறுமியர் ஒரு விதையை அழுத்திவைத்து மறந்து போயினர். அது முளைத்தது. பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்தனர். தாயோ அம்மரத்தை அவர்களுக்கு உடன்பிறந்தாள் என்றாள். நெய்தல் நிலத்து மணலில், எவரையும் கேளாமல் நடப்பட்ட கன்று, குடும்பத்துள் ஒருத்தியாகிவிட்டது. அந்நெய்தல் நிலந்தான் இன்றைய எண்ணூர். அம்மணல்தான் திருவொற்றியூர்க் கரை.

சென்னையிலேயே அண்மைக் காலச் சான்றும் உண்டு. அடையாற்றங்கரையில் கோட்டூர்புரத்தில் குப்பைமேடாய்க் கிடந்த பொதுப்பணித் துறை நிலத்தை, 2006 முதல் 'நிழல்' அமைப்பினரும் அவ்வட்டாரத் தொண்டர்களும் மரப்பூங்காவாக்கினர். அங்கு நட்டவை இம்மண்ணுக்குரிய இயல்மரங்கள். அவர்கள் துறையின் இசைவு பெற்றே செய்தனர். ஆயினும் கையில் கடப்பாரை பிடித்தவர்கள் மக்களே. தென்சென்னைக்கு இயன்றது வடசென்னைக்கு இயலாதா?

இயலாது என்பார் வடசென்னையை அறியாதவர். 2017 சனவரி 28-ஆம் நாள் எண்ணூருக்கு அருகில் கப்பல்கள் இரண்டு மோதிக் கரையெல்லாம் எண்ணெய் படிந்தபோது, வாளி கொண்டு அதை அள்ளியவர்கள் மீனவரும் இளைஞரும் தொண்டர்களுமே. அவ்வாண்டிலேயே எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைக் காட்டிப் புறம்போக்கு என்னும் சொல்லின் மாண்பை மீட்கும் பாட்டொன்றைக் கபேர் வாசுகி எழுத, டி. எம். கிருட்டிணா பாடினார். 2023 திசம்பரில் மிக்சாம் புயல்வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கழிமுகத்திற்குள் புகுந்தது. அப்போதும் தம் படகுகளிலேயே சென்று அதை வழித்தெடுத்தவர்கள் மீனவர்கள். கரிய எண்ணெயை வெறுங்கையால் அள்ளிய மக்களுக்கு ஒரு கன்றுக்கு நீர் வார்ப்பது அரிதோ?

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடல் வேண்டும். மக்கள் மரம் நடுவது ஆட்சியாளர் கடமையைத் துடைத்துவிடாது. அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் கொற்றலையாற்றின் கழிமுகத்தைத் தூர்த்தது. அதை அகற்றிச் சீர்செய்ய 2022-இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. அவ்வாணை முழுதும் நிறைவேற வேண்டும் என்று கேட்கும் குரல், கன்று நடும் விழா ஆரவாரத்தில் அமுங்கிவிடக் கூடாது. ஆண்டுக்கொருமுறை ஒளிப்படத்திற்காக ஒரு கன்றை நட்டு, மறுநாளே அதை ஆட்டுக்கு விடும் நாடகத்தைப் பெருநிறுவனங்கள் நன்கறியும். சாம்பலுக்குப் பச்சைப் போர்வை போர்த்துவதன்று மீட்பு.

நடுவதிலும் அறிவு வேண்டும். 2016 திசம்பர் 12-ஆம் நாள் வார்தா புயலில் சென்னையில் பல்லாயிரம் மரங்கள் வீழ்ந்தன. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அயல்மரங்கள் அவற்றுள் பல. பிறமொழிச் சொல்லை வேண்டாது புகுத்தினால் தன்மொழிச் சொல் வழக்கிழப்பதுபோல், சீமைக் கருவேல் புகுந்த கரையில் பிற செடிகள் தலையெடுப்பதில்லை. அதை மேலே வெட்டினால் மீண்டும் தழைக்கும்; வேரோடு அகழ்தல் வேண்டும். உப்புக்காற்றைத் தாங்கும் புன்னை, பூவரசு, தாழை, பனை ஆகியவை கடலோர வழிக்கு உரியன. உள்வழிக்கு வேம்பும் புங்கும் மகிழமும் ஏற்றவை. கழிமுகத்துச் சேற்றுவெளியையும் உப்பளத்தையும் வெற்றிடமென்று எண்ணி அங்கு மரம் நடுதல் கூடாது. அவை நண்டுக்கும் இறாலுக்கும் பறவைக்கும் வீடு. வெள்ளம் வருங்கால் நீருக்கும் அவையே இடம்.

ஐப்பசி மழை தொடங்குமுன் நட்டால் முதல் நீரை வானம் வார்க்கும். அதன்பின் வரும் இரு கோடைகளையும் மக்கள்தாம் கடத்தல் வேண்டும். பெரும்பாலான கன்றுகள் சாவது நடாமையால் அன்று, நட்டபின் மறந்தமையால். பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரி பொது, ஆயினும் எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்பது முறைவைத்துப் பகிரப்படும். பொது என்பது கட்டுப்பாடற்றதன்று என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டா. அப்பாட்டு முறையையே கன்றுகளுக்கும் கொள்ளலாம். தெருவுக்கு இத்தனைக் கன்று, வீட்டுக்கு ஒரு நாள், நாளுக்கு இரு குடம் என்று வகுத்துவிட்டால் எந்தக் கோடையும் வென்றுவிடாது.

திருவொற்றியூர்க் கோயிலின் மரம் மகிழம். சங்கிலியாரைப் பிரியேன் என்று சுந்தரர் அதன்கீழ்ச் சூளுரைத்தார். சூள் தப்பி ஊரெல்லை கடந்தபோது அவர் கண்ணொளி போயிற்று என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. நம்புவார் நம்புக, நம்பார் விடுக. மரத்தின்முன் சொன்ன சொல்லைக் காத்தல் வேண்டும் என்பது அவ்வூர் பன்னூறாண்டுகளாய் நினைவிற் கொண்ட அறம். கன்று நடுவதும் ஒரு சூளே. நட்டுவிட்டுப் பிரிபவனுக்கும் கண் இல்லை என்றே கொள்ளல் வேண்டும்.

கால்வாய்க் கரையில் ஒரு கல்தொலைவு வழியேனும் குப்பை நீங்கி, நிழல் பெற்று, பள்ளிப் பிள்ளைகள் அச்சமின்றி நடக்கும் வழியாகட்டும். அன்று அவ்வழியை எவனாவது 'புறம்போக்கு' என்று சொன்னால், அது வசையாய் ஒலியாது, உரிமையாய் ஒலிக்கும்.