இல்லப் பட்டறை: கிரைண்டரைப் பேணுவது யார் பணி?

கொங்கு நாட்டு இல்லங்களில் ஆட்டுக்கல் இருந்த இடத்தைக் கிரைண்டர் பிடித்துக்கொண்டு நெடுங்காலம் ஆயிற்று. முன்னாளில், மறுநாள் இட்டலிக்கு மாவு வேண்டுமெனில், வீட்டுப் பெண்ணொருத்தி தரையில் அமர்ந்து, ஒரு கையால் குழவியைச் சுழற்றி, மறு கையால் மாவைத் தள்ளிவிட்டு, தோள் கடுக்க உழைக்கவேண்டியிருந்தது. கிறிஸ்து பிறப்பு விழா, பங்குத் திருவிழா என்று உறவினர் வந்து கூடும் நாள்களில் அவ்வுழைப்பு இரு மடங்காகும். அந்தச் சுமையை இறக்கிவைத்தவை நம் கோவையின் பட்டறைகளே என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம்.

1955ஆம் ஆண்டில் கோவையில் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தால் இயங்கும் மாவரைக்கும் கல்லை உருவாக்கினார். பஞ்சாலை இயந்திரங்களோடும் கிணற்றுப் பம்புகளோடும் பழகிய ஊர் நம் ஊர். ஆகவே அதை ஏற்று வளர்க்கக் கைகளுக்குப் பஞ்சமில்லை. இதன் நுட்பமோ மிக எளியது. ஆட்டுக்கல்லில் குழி அசையாமல் நிற்க, குழவி சுழலும். கிரைண்டரில் குழவியை ஒரு தாங்கி பிடித்துக்கொள்ள, அடிக்கல் சுழலும். 2005-06ஆம் ஆண்டில் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்றது. 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு மிக்சி, மின்விசிறியுடன் கிரைண்டரையும் குடும்ப அட்டைதாரர்க்கு விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, எளிய குடிசைகளிலும் அது இடம்பெற்றது.

ஆயினும் இயந்திரம் ஏற்றுக்கொண்டது அரைக்கும் வேலையை மட்டுமே. கனமான கல்லைத் தூக்குவதும், கழுவுவதும், துடைப்பதும், பழுதானால் ஆளைத் தேடுவதும் பெரும்பாலான இல்லங்களில் இன்றும் தாயின் தலையிலேயே விழுகின்றன. வீட்டு ஆண்கள் கிரைண்டரின் இரைச்சலை அறிவார்கள். அதன் இயல்பை அறியார்கள். இது முறையன்று. கீழே கூறப்படுபவற்றைப் பத்தாம் வகுப்புப் பயிலும் மகனும் மகளும் ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் அரைக்கும் முறை. வெறுங்கல்லை ஓடவிடலாகாது, கல்லோடு கல் உரசித் தேயும். சிறிது நீர் விட்டு, சுழலத் தொடங்கியபின் ஊறிய உளுந்தைக் கைப்பிடி கைப்பிடியாக இடவேண்டும். நீரையும் சிறுகச் சிறுகத் தெளித்து வந்தால்தான் உளுந்து பொங்கி வரும். கோடையில் குளிர்ந்த நீர் நல்லது. மிக்சியின் கத்தி நிமிடத்திற்குப் பல்லாயிரம் சுற்றுகள் சுழல்வதால் மாவு சூடேறும். கல் மெதுவாகச் சுழல்வதால் மாவு சூடேறாமல் மென்மையாக அரைபடும். செலவைப் பற்றி அஞ்சவேண்டுவதில்லை. 150 வாட் மோட்டார் கொண்ட மேசைக் கிரைண்டர் 40 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கே செலவாகும்.

அடுத்து, கல்லைப் பேணுதல். வேலை முடிந்தவுடன், மாவு காயுமுன் கழுவிவிடுக. கழுவுமுன் பிளக்கைக் கழற்றுதல் கட்டாயம். மோட்டார் உள்ள அடிப்பகுதியின்மீது நீர் ஊற்றாமல், ஈரத் துணியால் துடைத்தால் போதும். குழவிகளைப் பாத்திரத்துக்குள்ளேயே மூடி வைக்காமல், வெளியே எடுத்துக் காற்றாட வைத்தால் புளித்த வாடை வராது. வழக்கத்தைவிட நேரம் கூடுதலாகியும் மாவு நறநறவென்றிருந்தால் கல் வழவழப்பாகிவிட்டது என்று பொருள். 'அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ' என்று தெருவில் கூவி வருவோரை நம் மூத்தோர் எதிர்பார்த்திருந்தது இதன் பொருட்டே. கிரைண்டர்க் கல்லையும் கொத்திக்கொள்ளலாம். புதிய கல்லாயினும் கொத்திய கல்லாயினும், ஊறிய அரிசியை இரண்டு மூன்று முறை அரைத்துக் கொட்டிவிட்டு, கல்துகள் அறவே நீங்கியபின்பே சமையலுக்குப் பயன்படுத்துக.

மூன்றாவதாக, பழுதை அறிதல். மோட்டார் ஓடுகிறது, கல் சுழலவில்லை எனில் பெல்ட் தளர்ந்திருக்கலாம். எண்ணெயோ நீரோ பட்டு வழுக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு பெல்ட்டின் நடுவே விரலால் அழுத்துக. ஏறத்தாழ அரை அங்குலம் இறங்கினால் சரி. மிகுதியாக இறங்கினால் தளர்ச்சி. பெரிய கிரைண்டர்களில் மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரைச் சற்றுப் பின்னிழுத்து இறுக்கினால் பெல்ட் விறைப்பாகும். வெடித்துப்போன பெல்ட்டை மாற்றிவிடுவதே சிக்கனம். பழையதைக் கடைக்குக் கொண்டுசென்று அதே அளவில் வாங்குக.

மோட்டார் 'உம்' என்று முனகியும் சுழலவில்லையெனில் உடனே நிறுத்தவேண்டும். தாமதித்தால் சுருள் கருகிவிடும். பிளக்கைக் கழற்றி, குழவியை எடுத்துவிட்டு, பாத்திரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் மாவோ வேறு பொருளோ சிக்கியிருக்கும். எளிதாகச் சுற்றினால், பெரும்பாலும் கண்டன்சர் பழுதாகியிருக்கும். அதை வீட்டில் திறக்கலாகாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கக்கூடும். அது எலக்ட்ரீசியனின் பணி. நாம் எதுவரை செய்யலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்று அறிவதும் கைத்திறனின் ஒரு பகுதியே.

இறுதியாகக் கூறுவது உயிரைப் பற்றியது. ஈரக் கை, ஈரத் தரை, உலோகப் பாத்திரம், மின்சாரம் ஆகிய நான்கும் சேருமிடம் கிரைண்டர். ஆகவே மூன்று முனைப் பிளக்கை மட்டுமே பயன்படுத்துக. அதில் தடித்து நீண்டிருக்கும் முனையே எர்த் இணைப்பு. மின்கசிவு நேர்ந்தால் அதை நிலத்துக்குள் செலுத்துவது அதுவே. துளை பொருந்தவில்லையென்று அம்முனையை ஒடிப்பதும், இரு முனைப் பிளக்கை மாட்டுவதும் உயிரோடு விளையாடுவதாகும். பாத்திரத்தைத் தொடும்போது விரலில் சுருக்கென்று உணர்ந்தால், 'இலேசாகத்தானே அடிக்கிறது' என்று பொறுத்துப் போகவேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பழுது நீக்கும்வரை அதைத் தொடாதிருங்கள். 30 மில்லி ஆம்பியர் அளவிலான மின்கசிவுத் தடுப்பானை வீட்டு மின்பலகையில் பொருத்திக்கொள்வது குடும்பம் முழுவதற்கும் காவலாகும். எவரையேனும் மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரைக் கையால் பிடித்து இழுக்கலாகாது. முதலில் மெயினை அணைக்கவேண்டும். அது இயலாவிடில் உலர்ந்த மரக்கட்டையால் தள்ளி விடுவிக்கவேண்டும். மெயின் சுவிட்ச் எங்குள்ளது என்று வீட்டிலுள்ள குழந்தைக்கும் தெரிந்திருக்கவேண்டும். கல் சுழலும்போது மாவைக் கையால் தள்ளுவதையும், சேலைத் தலைப்பும் சடையும் அதனருகே தொங்குவதையும் தவிர்க்கவேண்டும்.

வாசக அன்பர்களே, வரும் சனிக்கிழமை மாலையில் வீட்டார் அனைவரும் கிரைண்டரைச் சூழ்ந்து அரை மணி நேரம் செலவிடுங்கள். பெல்ட்டைத் தந்தை பார்க்கட்டும். பிளக்கையும் கம்பியையும் மகள் சோதிக்கட்டும். கல்லைத் தூக்கிக் கழுவும் வேலையை அன்றுமுதல் மகன் ஏற்கட்டும். ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து நம் பாட்டியர் தனியே சுமந்த பாரத்தில் பாதியை இயந்திரம் வாங்கிக்கொண்டது. எஞ்சிய பாதியை வீட்டிலுள்ளோர் பகிர்ந்துகொண்டால், காலையில் தட்டில் விழும் இட்டலி அம்மாவுக்கும் சுவைக்கும்.