வளரும் எலும்பின் மேல் ஏற்றும் சுமை

2019 ஜனவரியில் மெல்போர்னில் செய்தியாளர்கள் முன் அமர்ந்த டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரே, பேச முடியாமல் கண்கலங்கினார். மூன்று கிராண்ட்ஸ்லாம் பட்டங்களும் இரண்டு ஒலிம்பிக் தங்கங்களும் வென்ற அவருக்கு ஷூ மாட்டுவதே வேதனையாக இருந்தது. அந்த மாதமே லண்டனில், 31 வயதில், இடுப்பு மூட்டில் உலோகம் பொருத்திக்கொண்டார். அவருக்கு முன்னரே டென்னிஸில் குயெர்ட்டனும் ஹெவிட்டும் இடுப்பு அறுவைசிகிச்சைக்குப் படுத்தவர்கள்.

மர்ரேயின் வலிக்குச் சிறுவயதுப் பயிற்சிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பதின்பருவத்தில் இடுப்பெலும்புக்கு என்ன நேர்கிறது என்பதை இப்போது ஓரளவு அறிவோம்.

இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் சுழலும் தொடையெலும்பின் தலை நல்ல உருண்டையாக இருக்க வேண்டும். எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தகடு மூடுவதற்கு முன் ஓட்டம், தாவல், திடீர்த் திருப்பம் என்று இடைவிடாமல் சுமை ஏறினால், தலையும் கழுத்தும் சேருமிடத்தில் கூடுதல் எலும்பு படியக்கூடும். பிறகு காலை மடக்கி உட்புறம் திருப்பும்போதெல்லாம் அந்தப் புடைப்பு கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கலாம், குருத்தெலும்பு கிழியலாம். இந்த இடிப்பு மூட்டுத் தேய்மானத்தில் முடியலாம் என்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர் ரைன்ஹோல்ட் கன்ஸ் குழுவினர் 2003இல் எழுதினார்கள். நெதர்லாந்தில் பதின்வயதுக் கால்பந்து வீரர்களைத் தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, வளர்ச்சிக் காலத்தில்தான் புடைப்பு பெருகியது; தகடு மூடியபின் பெருகவில்லை.

புடைப்பு உள்ள எல்லோருக்கும் வலி வருவதில்லை. அதைச் சாக்காக வைத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வாரம் ஏழு நாளும் மைதானத்தில் நிறுத்துவது பெரும் தவறு. அந்த வயதில் எலும்பு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. அப்போது உண்டான புடைப்பைப் பின்னால் வரும் ஓய்வு திருத்தாது.

வாரப் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு: பன்னிரண்டு வயதென்றால் பன்னிரண்டு மணி நேரம். வாரத்தில் ஒரு நாளாவது விடுப்பும் வேண்டும். இப்படிச் செய்தால் பதக்கம் போய்விடும் என்று பயப்படுவோர் நார்வேயைப் பார்க்கலாம். பதின்மூன்று வயதுக்குமுன் அங்கே தேசியப் போட்டி கிடையாது. அப்போது சுமார் 54 லட்சம் பேர் வாழ்ந்த அந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்றது.

பயிற்சியாளரின் நோட்டில் ஓட்ட நேரத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்தி போட்டாக வேண்டும்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்த உயரம், அந்த வாரத்தின் மொத்தப் பயிற்சி நேரம். பள்ளி அணி, கிளப், தனிப்பயிற்சி மூன்றையும் கூட்டித்தான் அந்த நேரத்தை எழுத வேண்டும். உயரம் சட்டென்று ஏறும் மாதங்களில் தாவலையும் திருப்பத்தையும் குறைக்க வேண்டும். தொடையிடுக்கில் வலி என்று பிள்ளை சொன்னால், தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்து அனுப்பாமல் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.