நீதிபதி எந்தப் படிக்கட்டு ஏறி வந்தார்?

கணியம்பாடி பஸ் நிறுத்தத்தில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். வேலூர் போகும் கூட்டத்தில் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாலைந்து பேராவது நிற்பார்கள். பையில் இருப்பது கோர்ட்டுக் காகிதம். ஒருவர் தோல் ஷாப்பில் கூலி வேலை செய்பவர். ஒருவர் கரும்பு வெட்டுகிறவர். அமிர்திப் பக்கத்து மலையிலிருந்து இருட்டோடு இறங்கி வந்தவர் ஒருவர். சத்துவாச்சாரிக் கோர்ட்டில் அன்று வாய்தா. ஒரு நாள் கூலி போயிற்று. பஸ் சார்ஜும் குமாஸ்தா செலவும் போயிற்று. மாலையில் திரும்பும்போது பையில் இருப்பது அடுத்த வாய்தாவின் தேதி மட்டுமே.

போன மாதம் கிளைக் கூட்டம் முடிந்து டீ குடித்துக் கொண்டிருந்தபோது, ஷூ கம்பெனியில் பதினாறு வருஷமாக உழைக்கும் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார்: "தோழர், என் பொண்ணு வக்கீலுக்குத்தான் படிப்பேன்னு நிக்குது. படிக்க வெச்சா நம்ம பக்கம் நிக்குமா, இல்ல கறுப்புக் கோட்டு மாட்டினதும் மொதலாளி பக்கம் போயிடுமா?" கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கேள்வி சிரிப்புக்கு உரியதல்ல. வக்கீலும் ஜட்ஜும் எங்கிருந்து வருகிறார்கள், யார் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தார்கள் என்பது நம் ஜனங்களின் உயிர்ப் பிரச்னை.

முதலில் சட்டப் புத்தகத்தையே எடுத்துக் கொள்வோம். 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டம் 2024 ஜூன் 30 வரை இந்த நாட்டை ஆண்டது. அதில் 381-வது பிரிவு, வேலைக்காரன் எஜமானனின் பொருளைத் திருடினால் ஏழு வருஷம் வரை சிறை என்றது. 304-ஏ பிரிவு, அஜாக்கிரதையால் ஓர் உயிரைப் போக்கினால் இரண்டு வருஷம் வரை, அல்லது வெறும் அபராதம் என்றது. அதாவது, தோல் ஷாப் தொழிலாளி ஆட்டுத்தோல் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு போனால் ஏழு வருஷம். அந்தத் தொழிலாளி கழிவுத் தொட்டியில் இறங்கி விஷக் காற்றில் செத்தால், இறக்கிவிட்டவனுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் இல்லை. 2024 ஜூலை முதல் தேதி வந்த புதிய சட்டம் இரண்டை ஐந்தாக்கியிருக்கிறது. ஏழு ஏழாகவே இருக்கிறது! ஆட்டுத்தோலின் மதிப்பை மனிதன் இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை.

புத்தகம் இப்படி. இதைக் கையில் பிடித்துத் தீர்ப்புச் சொல்கிறவர் யார்?

தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளிகள் 1908-இல் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் பெற்றார்கள். முன்னின்றவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. அவர் வக்கீல், வக்கீலின் மகன். ஒட்டப்பிடாரத்தில் ஏழைகளுக்காகக் கிரிமினல் வழக்கு நடத்தி, போலீஸாரின் பகையைச் சம்பாதித்துக் கொண்டவர். அந்த வருஷம் ஜூலை 7-ஆம் தேதி அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்த செஷன்ஸ் ஜட்ஜ் பின்ஹே, சீமையிலிருந்து வந்த ஐ.சி.எஸ். அதிகாரி. அந்தக் காலத்தில் ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறிய துரை வரியும் வசூலிப்பார், பிறகு ஜட்ஜ் நாற்காலியிலும் உட்காருவார். ஒரே சர்க்காருக்கு இரண்டு வேலை! ஹைகோர்ட் தண்டனையைக் குறைத்தது, ஆனால் வ.உ.சி. செக்கிழுத்தார், வக்கீல் சனத்தையும் இழந்தார். பல வருஷம் கழித்து அந்தச் சனத் திரும்பக் கிடைக்க உதவியவரும் ஒரு வெள்ளைக்கார ஜட்ஜ்தான், வாலஸ். அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. ஆகவே தோலின் நிறத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் தப்பாகப் போகும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வெள்ளைக்காரன் போனான். 1967 நவம்பரில் கேரள முதலமைச்சராக இருந்த தோழர் ஈ.எம்.எஸ். நிருபர்களிடம் ஓர் உண்மையைச் சொன்னார்: ஜட்ஜ்களை வர்க்கப் பகைமையும் வர்க்கச் சார்பும் நடத்துகின்றன, நன்றாக உடுத்திய, தொந்தி வளர்ந்த பணக்காரனும் கந்தல் கட்டிய ஏழையும் எதிரெதிரே நின்றால் ஜட்ஜின் மனம் தானாகவே முன்னவன் பக்கம் சாய்கிறது என்பது அவர் பேச்சின் சாரம். கோர்ட் அவமதிப்பு என்று வழக்கு வந்தது. கேரள ஹைகோர்ட் ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டது. சுப்ரீம் கோர்ட்டில் வி.கே. கிருஷ்ண மேனன் வாதாடினார். 1970 ஜூலையில் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா, குற்றம் குற்றமே என்று சொல்லி அபராதத்தை ஐம்பது ரூபாயாகக் குறைத்தார். ஈ.எம்.எஸ். மார்க்ஸையும் எங்கெல்ஸையும் சரியாகப் புரிந்து கொள்ளவில்லை என்று அந்தத் தீர்ப்பிலே பாடமும் நடத்தினார். கோர்ட்டில் மார்க்ஸியப் பள்ளி நடந்தது அநேகமாக அந்த ஒரு தடவைதான்!

ஐம்பது ரூபாய் அபராதம் கட்டி மூன்று வருஷம் ஆவதற்குள், ஈ.எம்.எஸ். சொன்னது சரியா தப்பா என்பதற்கு நம் தமிழ்நாட்டு ஹைகோர்ட்டே சாட்சி சொல்லிவிட்டது.

கீழ்வெண்மணியை அறியாத விவசாயத் தொழிலாளி நம்மில் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு. கூலியாக இன்னும் அரைப்படி நெல் கேட்டதற்காக, செங்கொடியை இறக்க மறுத்ததற்காக, ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். மிராசுதார்கள் 23 பேர்மீது வழக்கு நடந்தது. 1970-இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட எட்டுப் பேருக்குப் பத்து வருஷம் தண்டனை கொடுத்தது. 1973-இல் ஹைகோர்ட் எல்லோரையும் விடுதலை செய்தது.

என்ன காரணம்? சாட்சியத்தில் குறை கண்டார்கள், சரி. கோர்ட் என்றால் அதைச் செய்யத்தான் செய்யும். ஆனால் கூடவே ஒன்றையும் எழுதினார்கள். குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் மிராசுதார்களாக இருப்பது ஆச்சரியமாக இருக்கிறதாம். அவர்கள் ஏராளமான நிலம் உள்ள பணக்காரர்கள். ஒருவரிடம் மோட்டார் காரே இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் ஆட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து வந்து தீ வைத்தார்கள் என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறதாம்.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்த நீதிபதிகள் லஞ்சம் வாங்கினார்கள் என்று நாம் சொல்லவில்லை. லஞ்சம் வாங்கியிருந்தால் விஷயம் சுலபம். ஆளை மாற்றினால் தீர்ந்துவிடும். அவர்கள் மனமார நம்பினார்கள் என்பதுதான் பயங்கரம். கார் வைத்திருப்பவன் கையில் தீப்பந்தம் பிடிப்பான் என்பது அவர்கள் அனுபவத்தில் இல்லை. அவர்கள் பழகிய மிராசுதார்கள் கல்யாண வீட்டில் சந்தனம் பூசி வரவேற்றவர்கள். கேஸ் கட்டோடு வந்து நல்ல பீஸ் கொடுத்த கட்சிக்காரர்கள். நடவு வயலில் சவுக்கைக் கண்டவள் ஒருத்தி அந்த ஆசனத்தில் இருந்திருந்தால், மிராசுதார் நடந்து வருவாரா என்று சந்தேகப்பட்டிருப்பாளா? மிராசுதார் எப்படி நடந்து வருவார் என்பது அவளுக்குத் தெரியும்.

அப்படியானால் உயர்ந்த வீட்டில் பிறந்தவர் எல்லோரும் நமக்கு எதிரியா? இல்லை. வாலஸை மறக்க வேண்டாம். இன்னும் பெரிய உதாரணம் வி.ஆர். கிருஷ்ணய்யர். அவரும் வக்கீல் மகன், பிராமணக் குடும்பம். தலைச்சேரியில் வக்கீல் தொழில் ஆரம்பித்தபோது அவரைத் தேடி வந்தவர்கள் மலபார் விவசாயிகளும் பீடித் தொழிலாளிகளும் கம்யூனிஸ்டுகளும். 1948-இல் கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று அவரையே ஒரு மாதம் சிறையில் போட்டார்கள். 1957-இல் ஈ.எம்.எஸ். மந்திரிசபையில் சட்டம், சிறை முதலிய இலாகாக்களைப் பார்த்தார். கைதியாக இருந்தவர் சிறை மந்திரி. அப்புறம் 1968-இல் கேரள ஹைகோர்ட், 1973-இல் சுப்ரீம் கோர்ட்.

1978-இல் அவர் முன் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்துக்காரர். ஜாமீன் கிடைத்தது, ஆனால் மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஆள் ஜாமீன் கேட்டார். சொந்த அண்ணன் தம்பியே முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். கிருஷ்ணய்யர் அதை உடைத்தார். கொத்தனாரிடம் பத்தாயிரம் கேட்பது ஜாமீனை மறுப்பதற்குச் சமம் என்றார். ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பத்திரத்திலேயே விடச் சொன்னார். ஒரு மாதம் உள்ளே இருந்த மனிதனுக்கு ஜெயில் சுவரின் கனம் தெரியும். அவரை மாற்றியது பிறந்த வீடு அல்ல. முதல் பத்து வருஷம் அவர் படியேறி வந்த கட்சிக்காரர்கள்.

ஆனால் அந்தத் தீர்ப்பு வந்து இத்தனை காலம் ஆகியும் என்ன நடக்கிறது? நம் பக்கத்திலேயே, தொரப்பாடியில் மத்திய சிறை இருக்கிறது. ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் ஜாமீன்தார் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர் கதையை நம் ஊர்களில் கேட்காதவர் உண்டா? வீட்டு வரி ரசீது கொண்டு வா, சொத்து மதிப்புச் சான்று கொண்டு வா என்கிறார்கள். புறம்போக்கில் குடிசை போட்டவன் எங்கே போவான்? சர்க்கார் கணக்குப்படியே 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5 லட்சத்து 73 ஆயிரம் பேரில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் தண்டனையே பெறாத விசாரணைக் கைதிகள்.

ஒன்று தெரிந்து கொள்ளுங்கள். நம்மில் பலருக்கு இது தெரியாது. 1987-ஆம் வருஷச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும், காவலில் இருப்பவருக்கும் சர்க்கார் செலவில் வக்கீல் வைக்க வேண்டும். இவர்களிடம் வருமானம் எவ்வளவு என்று கேட்க இடமில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். தாலியை அடகு வைத்துப் பீஸ் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு நடை போய்ப் பாருங்கள்.

இனி நம்மவர் ஏறிய படிக்கட்டு. நம் பழைய வடாற்காடு மாவட்டத்து ஜோலார்பேட்டையில் 1920-இல் பிறந்த ஏ. வரதராஜன், முன்சீப்பாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 1973-இல் சென்னை ஹைகோர்ட் நீதிபதியானார். 1980-இல் சுப்ரீம் கோர்ட் நீதிபதியானார். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன முதல் மனிதர் அவர். அரசியல் சட்டம் வந்து முப்பது வருஷம் ஆயிற்று ஒருவர் போக! இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2018-க்குப் பிறகு ஹைகோர்ட்டுகளுக்கு நியமிக்கப்பட்டவர்களில் நாலில் மூன்று பங்குக்கு மேல் உயர்சாதியினர் என்று மத்திய சர்க்காரே பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டது. ஹைகோர்ட் ஆசனத்துக்குப் பரீட்சை கிடையாது. ஜட்ஜ்களே ஜட்ஜ்களைப் பொறுக்குகிறார்கள். பெரிய சீனியரின் அறையில் வளர்ந்தவன் கண்ணில் படுகிறான். மஞ்சள் பைக்காரனுக்கு வாதாடுகிறவன் யார் கண்ணில் படுவான்?

நல்ல ஜட்ஜ் கிடைத்தால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீஸும் அந்த மலைவாசி ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது சர்க்கார். மலைவாழ் மக்கள் சங்கமும் தோழர் நல்லசிவனும் கோர்ட் படி ஏறினார்கள், சி.பி.ஐ. விசாரணை வந்தது. 269 பேர்மீது வழக்கு. தீர்ப்பு நாள் 2011 செப்டம்பர் 29. அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றார் தருமபுரி செஷன்ஸ் நீதிபதி குமரகுரு. அப்பீலை விசாரித்த ஹைகோர்ட் நீதிபதி வேல்முருகன் 2023-இல் தாமே வாச்சாத்திக்குப் போய் அந்தப் பெண்களைப் பார்த்தார். அந்த வருஷம் செப்டம்பரில் தண்டனையை உறுதி செய்தார். முப்பத்தொரு வருஷம். நீதிபதிகள் நேர்மையானவர்கள், உண்மை. ஆனால் அந்தப் பெண்கள் பத்தொன்பது வருஷம் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி வந்து சாட்சி சொல்லாவிட்டால், அவர்கள் பின்னால் சங்கம் நிற்காவிட்டால், அந்த நேர்மைக்கு என்ன வேலை இருந்திருக்கும்?

ஷூ கம்பெனித் தோழருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: உங்கள் பெண் யார் பக்கம் நிற்பாள் என்பது கோட்டில் இல்லை. முதல் சில வருஷம் அவள் யார் வழக்கை நடத்துகிறாள், யார் சோறு போட்டு வளர்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஆனால் அந்த முதல் சில வருஷம்தான் முள். வேலூரில் 2008 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. வக்கீலாகப் பதிவு செய்ய 750 ரூபாய்க்கு மேல், தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதுவரை கதவு திறந்திருக்கிறது. அடுத்த கதவு? 2025 மே 20-ஆம் தேதி அதே சுப்ரீம் கோர்ட், மூன்று வருஷம் வக்கீல் தொழில் செய்யாதவர் சிவில் நீதிபதிப் பரீட்சை எழுத முடியாது என்று தீர்ப்பளித்தது. அனுபவம் வேண்டும் என்கிறார்கள், நியாயம்தான். அந்த மூன்று வருஷம் யார் சோறு போடுவது? ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் இருபதாயிரம், மற்ற ஊர்களில் பதினைந்தாயிரம் கொடுக்க வேண்டும் என்று சென்னை ஹைகோர்ட் 2024 ஜூனில் சொன்னது. கோர்ட் வராந்தாவில் ஜூனியர்களிடம் இதைக் கேட்டோம். சிரித்தார்கள். தகப்பன் வக்கீலாக இருந்தால் மூன்று வருஷம் போவதே தெரியாது. தகப்பன் தோல் சீவுகிறவனாக இருந்தால்?

அந்தப் பெண் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். படிப்பு ஐந்து வருஷம், ஜூனியராக மூன்று. அந்த மூன்று வருஷத்துக்குப் பஸ் சார்ஜையும் மத்தியானச் சோற்றையும் சங்கம் ஏற்றுக்கொள்ளலாம், அவளும் நம் வாய்தா வழக்குகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. ஆளுக்கு மாதம் இருபது ரூபாய் என்று ஒருவர் கணக்குப் போட்டார். முப்பது வேண்டும் என்றார் இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமை காலைக் கிளைக் கூட்டத்தில் முதல் விஷயமாக இதையே எடுத்துக் கொள்கிறோம்.