தவளையும் தவலையும்



போன வருஷம் அறிவியல் கண்காட்சிக்கு உணவுச் சங்கிலி சார்ட் வரைந்தது நான்தான். அதை போட்டோ எடுத்து நம் பள்ளி இணையப் பக்கத்தில் சார் போட்டார். அதில் 'தவளை' என்பதை 'தவலை' என்று எழுதியிருந்தேன். தண்ணி காய வைக்கிற தவலை! யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது சார்ட்டை கரையான் அரித்துவிட்டது. போட்டோவில் ஓர் எழுத்தை மட்டும் அழித்து எழுத வழியும் தெரியவில்லை. ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி அதைப் பார்த்தே படித்து, பரீட்சையிலும் தவலை என்று எழுதி மார்க் போச்சு. "அக்கா, நீங்க எழுதுனதைத்தானே நானும் எழுதுனேன்" என்றாள். எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை.

அதனால் சொல்கிறேன். வட்டமும் அம்புக்குறியுமாக இருக்கிற படங்களை இனி போட்டோ எடுத்துப் போட வேண்டாம். எழுத்தாக எழுதிப் படமாக்குவோம்.

எழுத்து எப்படிப் படமாகும்? கோல நோட்டை நினைத்துப் பாருங்கள். "இடுக்குப் புள்ளி, 15 முதல் 8 வரை" என்று எழுதியிருந்தால் அம்மா புள்ளி வைத்துவிடுவாங்க. சின்ன வாசலோ பெரிய வாசலோ, அது அவங்க இஷ்டம்.

அதே மாதிரிதான் கிராஃப்விஸ் என்ற இலவச மென்பொருள். அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. ஆய்வுக்கூடத்தில் உருவானது. 'புல் -> வெட்டுக்கிளி', 'வெட்டுக்கிளி -> தவளை' என்று தமிழிலேயே வரிவரியாக எழுதினால், எது எங்கே வர வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டு எஸ்.வி.ஜி. படமாகத் தரும். அந்த நேரத்தில் நெட் கூட வேண்டாம். டபிள்யூ.3.சி. அமைப்பு 2001-இல் ஏற்ற பட வகை இது. போட்டோவில் இருப்பது வெறும் கலர் புள்ளிகள், பெரிதாக்கினால் கலங்கிப் போகும். எஸ்.வி.ஜி.யில் இருப்பது 'இங்கிருந்து அங்கே கோடு போடு' என்ற குறிப்பு. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு தெளிவாகவே இருக்கும்.

2014-இல் வந்த மெர்மெய்டும் இப்படி எழுத்தைப் படமாக்கும். ஆனால் பொதுவாக அதைப் பார்க்கிறவர் போனிலேயே வரைய வைக்கிறார்கள். அதற்கு முதலில் அந்த நிரலே போனில் இறங்க வேண்டும். பந்திக்கு வந்தவரையே சமைக்கச் சொல்வது போல! நம் பக்கத்தில் படம் தினமும் மாறப் போவதில்லை. இங்கேயே ஒருமுறை வரைந்து வைத்தால் அப்பா போனில் டேட்டா மிச்சம்.

குறையும் உண்டு. நம் கம்ப்யூட்டரில் இருக்கிற எழுத்துரு பார்க்கிறவர் போனில் இல்லாவிட்டால், வெட்டுக்கிளி பாதி வட்டத்துக்கு வெளியே குதித்து நிற்கும். வட்டத்தைக் கொஞ்சம் அகலமாக வைத்தால் சமாளிக்கலாம்.

"கையால் வரையிற அழகு வருமா?" என்று என் பெஞ்சுக்காரி சண்டைக்கு வருகிறாள். வராதுதான். செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றத்தை அவள்தான் வரைய வேண்டும், அதை நான் கேட்கவில்லை.

உணவுச் சங்கிலியை எழுதி வைத்துவிட்டேன், ஆறே வரி. சார் சம்மதித்தால் வெள்ளிக்கிழமை பழைய போட்டோவை எடுத்துவிட்டு இதைப் போட்டுவிடலாம். அதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுங்களேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி