செயலியை எழுதுவது நாம். கடைச் சாவி யாரிடம்?

பாரோய் – ஒரு மடிக்கணினியும் இணைய வசதியும் இருந்தால் போதும், சிரம்பானை ஒட்டிய பாரோயில் வீட்டில் இருந்தபடியே ஒரு மென்பொருளை எழுதி உலகம் முழுவதும் விற்கலாம். இது இன்று வெறும் பேச்சல்ல. அதற்கான சந்தைகள் இணையத்தில் திறந்தே இருக்கின்றன. ஆனால், அந்தச் சந்தையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு நம் இளைஞர்கள் இறங்குவது நல்லது.

மலேசியத் தமிழர்களுக்கு மென்பொருள் தொழில் புதிதல்ல. முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கியது 1985-இல். கைப்பேசியில் தமிழில் எழுத உதவும் அவருடைய செல்லினம் 2005 பொங்கலின்போது சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. இன்று நாம் அறிந்திருக்கும் செயலிக் கடைகள் அப்போது இல்லை. ஆப்பிளின் கடை 2008 ஜூலையில்தான் ஏறத்தாழ 500 செயலிகளுடன் திறக்கப்பட்டது. கூகுளின் கடை அதன் பின்னரே வந்தது. அதற்கு முன் தனியாக மென்பொருள் செய்தவர் வாங்குபவரைத் தேடுவது, பணம் பெறுவது, வட்டில் பதிந்து அனுப்புவது என எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தச் சுமையை இணையச் சந்தைகள் குறைத்தன என்பதை மறுக்க முடியாது. கடன் அட்டையில் பணம் வசூலிப்பது, வேண்டாம் என்பவருக்குத் திருப்பிக் கொடுப்பது, பல நாடுகளில் விற்பனை வரி கட்டுவது எல்லாம் ஒரே இடத்தில் முடிகின்றன. முன்பின் தெரியாத ஒருவரின் செயலியை மக்கள் நம்பி வாங்குவதற்கும் கடையின் பெயரே காரணம்.

*கடைக்காரர் எடுக்கும் பங்கு*

ஆப்பிளும் கூகுளும் நீண்ட காலம் 30 விழுக்காடு எடுத்தன. எதிர்ப்பு வலுத்த பிறகு, 2021-இல் ஆண்டு வருமானம் 10 லட்சம் அமெரிக்க டாலருக்குள் இருக்கும் சிறு தயாரிப்பாளர்களுக்கு அதை 15 விழுக்காடாகக் குறைத்தன. ஆப்பிளில் இச்சலுகை தானாக வராது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 10 ரிங்கிட் செயலியை ஆயிரம் பேர் வாங்கினால் 10,000 ரிங்கிட். 15 விழுக்காடு என்றால் கையில் 8,500. 30 விழுக்காடு என்றால் 7,000. நுழைவுக் கட்டணம் வேறு. கூகுளில் ஒருமுறை 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 டாலர்.

கணினி மென்பொருள், எழுத்துரு போன்றவற்றை விற்கத் தனிச் சந்தைகள் உண்டு. 2011-இல் தொடங்கிய கம்ரோட் 2023 முதல் ஒவ்வொரு விற்பனைக்கும் 10 விழுக்காடு எடுக்கிறது. அதற்கு மேல் 50 காசு டாலர் கட்டணமும் சேர்ந்தது. 5 டாலர் பொருள் விற்றால் அதில் 1 டாலர், அதாவது ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். வாங்குபவரைச் சந்தையே தன் பக்கங்கள் வழியாகக் கொண்டுவந்தால் பங்கு 30 விழுக்காடு.

2010-இல் தொடங்கிய ஆப்சுமோவின் வழி வேறு. ஒருமுறை பணம் கட்டினால் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தலாம் என்று மலிவாக விற்றுக் கொடுக்கும். ஒரே வாரத்தில் நிறைய வாடிக்கையாளர்கள் சேரலாம். ஆனால் பணம் ஒருமுறைதான் வரும். அவர்களுக்கான சேவையும் சர்வர் செலவும் ஆண்டுக்கணக்கில் தொடரும். இந்தக் கணக்கைப் போடாமல் இறங்குபவர் விற்க விற்க நட்டப்படுவார்.

*சென்னை நிறுவனம் கற்ற பாடம்*

பங்கைவிடப் பெரிய கேள்வி, கடைக்காரர் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பது. 2024 மார்ச் 1-ஆம் தேதி இந்தியாவில் அதுதான் நடந்தது. கட்டணத் தகராறில் கூகுள் தன் கடையிலிருந்து பல இந்தியச் செயலிகளை நீக்கியது. அவற்றில் சென்னையைச் சேர்ந்த முருகவேல் ஜானகிராமனின் பாரத் மேட்ரிமோனியும் ஒன்று. வேறு கட்டண முறையைப் பயன்படுத்தினாலும் 11 முதல் 26 விழுக்காடு வரை தர வேண்டும் என்றது கூகுள். அந்த நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயும் வெற்றி கிட்டவில்லை. உச்ச நீதிமன்றமும் இடைக்காலத் தடை தரவில்லை. கடைசியில் அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்ட பிறகே செயலிகள் திரும்பின.

இதற்கு முன்பே, 2022 அக்டோபரில், கட்டண விதிகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 936 கோடி ரூபாய் அபராதம் விதித்திருந்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டில் அது சுமார் 217 கோடியாகக் குறைந்தது. அமெரிக்காவில் 2025 ஏப்ரலில், செயலிக்கு வெளியே நடக்கும் விற்பனைக்கு ஆப்பிள் பங்கு கேட்கக்கூடாது என நீதிமன்றம் உத்தரவிட்டது. அது அமெரிக்கக் கடைக்கு மட்டுமே பொருந்தியது.

பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனத்துக்கு வழக்கறிஞர் உண்டு, அமைச்சரின் காதும் எட்டும். தனியாக ஒரு செயலி வைத்திருக்கும் இளைஞருக்கு அனுப்ப ஒரு மின்னஞ்சல்தான் உண்டு. தோட்டத்துக் கடையில் பற்று வைத்து வாழ்ந்த தலைமுறைக்கு இது புரியாத கதையல்ல. கடை இல்லாமல் அடுப்பு எரியாது. ஆனால் விலையும் கணக்கும் கடைக்காரரின் பேனாவில்தான் இருந்தன.

*என்ன செய்யலாம்?*

அதற்காகச் சந்தைகளை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே கடையை நம்பாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. வாங்கியவர்களின் மின்னஞ்சல் முகவரியை அவர்கள் சம்மதத்துடன் சேர்த்து வைப்பது, சொந்த இணையத்தளம் ஒன்றை நடத்துவது ஆகியவை கடை மூடினாலும் தொழிலைக் காக்கும். டியூஷன் மையத்தின் கட்டணக் கணக்கு, கோயில் நன்கொடை ரசீது போன்றவற்றுக்கான மென்பொருளைச் செயலிக் கடைக்கே கொண்டுபோகத் தேவையில்லை. சிரம்பானிலும் நீலாயிலும் நேரில் காட்டி, மாதச் சந்தாவுக்கு விற்கலாம்.

சமூகத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு கூகுளில் தனிநபர் கணக்கு திறந்தவர்கள், செயலியை வெளியிடுவதற்கு முன் 14 நாள் தொடர்ந்து பிறரைக் கொண்டு சோதிக்க வேண்டும். முதலில் 20 பேர் வேண்டும் என்றிருந்தது, பின்னர் 12 ஆனது. பெரிய நிறுவனத்துக்கு இது ஒன்றுமில்லை. அறையில் தனியாக உட்கார்ந்து எழுதும் பிள்ளைக்கு அந்த 12 பேர்தான் முதல் தடை. ஓர் இளைஞர் மன்றமோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழுவோ மனம் வைத்தால் ஒரே மாலையில் 12 பேரைத் திரட்டிவிடலாம்.

அடுத்தது காசு. வெளிநாட்டுச் செயலிக்கு மாதச் சந்தா கட்டும் நாம், நம் பிள்ளை செய்த மென்பொருள் என்றால் சும்மா கொடு என்று கேட்கிறோம். கடைக்காரர் 15 விழுக்காடு எடுத்தாலும் மீதி 85 அந்தப் பிள்ளைக்கு வரும். சும்மா கேட்டால் அதுவும் வராது.