'எத்தனை ஏ?' என்ற கேள்வி போனது. 3 என்ற எண் புரிகிறதா?

மெர்லிமாவ் வட்டாரத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளையைக் கண்டால் முன்பெல்லாம் 'எத்தனை ஏ?' என்றுதான் கேட்பார்கள். 2021இல் யுபிஎஸ்ஆர் ரத்தானது. இப்போது வகுப்பறைசார் மதிப்பீட்டில் ஆசிரியரே ஆண்டு முழுதும் கவனித்து, 1 முதல் 6 வரை அடைவுநிலை தருகிறார்.

இதில் 3 என்பது பாதி மதிப்பெண் அல்ல. அறிந்து, புரிந்து, செய்துகாட்ட முடிகிறது என்று பொருள். அதைத் தோல்வியாக நினைத்துப் பிள்ளையைத் திட்டும் பெற்றோர் உண்டு. அதைவிடக் கவலை, தடுமாறும் பிள்ளைக்கும் தாராளமாக 3 போடுவது. குறை அப்போதே தெரியாமல் போகிறது.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில்தான் பாடம் கேட்கப்போகிறது. அறிக்கை அட்டை வாங்கும் நாளில், "மலாய்ப் பத்தியை உதவியில்லாமல் வாசிக்கிறானா, ஐயா?" என்று பெற்றோர் கேட்கலாம். ஐந்தாம் ஆண்டிலேயே கேட்டால் சரிசெய்ய ஓராண்டு மிச்சமிருக்கும்.