படகைப் பழுது பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள்

பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு, பிள்ளைகளோடு உலகம் சுற்றும் குடும்பங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் முதலில் கேட்பது, "அப்போ அந்தப் பிள்ளைங்க படிப்பு?" என்பதுதான். நியாயமான கேள்வி. ரிட்டயர்ட் வாத்தியார் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். என் பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் நிறையக் கற்றுக்கொள்வது நடுக்கடலில் இல்லை. படகு கரையேறி, மாதக்கணக்கில் பழுது பார்க்கப்படும்போதுதான்.

மகள் குடும்பம் நியூசிலாந்தில் இருப்பதால், ஃபாங்கரே என்ற ஊரில் ஒரு கோடைக்காலம் முழுக்கத் தங்கியிருந்தேன். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். ஃபிஜி, டோங்கா பக்கம் சுற்றும் படகுகளில் பல, அதற்குத் தப்பி ஆயிரம் கடல் மைலுக்கு மேல் தெற்கே வந்து நியூசிலாந்தில் ஒதுங்கும். ஃபாங்கரேயில் ஹாட்டியா ஆற்றை ஒட்டி, ஊர் நடுவிலேயே மரீனா. படகுப் பட்டறைகளும் அதே ஆற்றங்கரையில்தான். மே மாதம் கிளம்பும்வரை ரிப்பேர் வேலை ஓடும். அழகான ஊர்களில் உட்கார்ந்து படகு ரிப்பேர் பார்ப்பதற்குப் பெயர்தான் உலகப் பயணம் என்று அவர்களே கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள்.

பெல்ட் மாட்டித் தூக்கும் ஒரு ராட்சத வண்டி, படகைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தரையில் முட்டுக்கொடுத்து நிறுத்திவிடும். அப்புறம் வீட்டுக்குள் போகவே ஏணி ஏற வேண்டும். பாத்திரம் கழுவக் கீழே இறங்க வேண்டும். ராத்திரியில் பாத்ரூம் போக, டார்ச்சோடு பட்டறையின் மறுகோடிக்கு நடக்க வேண்டும். எந்நேரமும் தூசி, பெயிண்ட் வாடை. பணக்காரச் சொகுசு என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் அங்கே இருந்து பார்க்கலாம்.

அங்கேதான் பாடம் நடக்கிறது. படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கச் செம்பு கலந்த பெயிண்ட் அடிக்கிறார்கள். பழைய பெயிண்டைத் தேய்த்தெடுக்கும் தூசி விஷம். அந்த வேலைக்குப் பிள்ளைகளை விடுவதில்லை. ஏன் விடுவதில்லை என்று சொல்லித்தருகிறார்கள். புரொப்பல்லர் தண்டில் துத்தநாகக் கட்டி ஒன்று பூட்டியிருக்கும். கடல்நீரில் அது முதலில் கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பாற்றும். பாதி கரைந்த கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பத்து வயதுப் பையன் ஒருவன் எனக்கு அதை விளக்கினான். நம் பிளஸ் டூ பிள்ளைகள் அரிமானம் என்று மனப்பாடம் செய்வது இதைத்தான். அவன் அக்கா கையுறை போட்டுக்கொண்டு எபாக்சி பிசினைத் தராசில் நிறுத்துக் கலந்தாள். விகிதம் தப்பினால் பிசின் இறுகாது. அந்த விடைத்தாளைத் திருத்த வாத்தியார் வேண்டாம்.

ஆனால் நான் மெச்சுவது இந்த அறிவியலைக்கூட இல்லை. எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு, புரியாமல் அப்பா விழிப்பதைப் பிள்ளை பார்க்கிறது. அம்மா பக்கத்துப் படகுக்காரரிடம் போய்க் கேட்கிறார். உதிரிபாகம் வர மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். கையிருப்பு போதுமா என்று இருவரும் கணக்குப் போடுவது பிள்ளை காதில் விழுகிறது. பெரியவர்களுக்கும் தெரியாதவை உண்டு, கேட்டால் கௌரவம் போய்விடாது, கெட்டுப்போனதைத் திரும்பச் செய்யலாம் என்பதை அது கண்ணால் காண்கிறது.

நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "நீ படி, மத்ததை நாங்க பாத்துக்கறோம்." அன்பில் சொல்வதுதான். ஆனால் அந்த "மத்தது" என்னவென்றே தெரியாமல் பிள்ளை வளர்கிறது. மார்க் குறைந்தால் இடிந்துபோகும் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தோற்றுப்போன பெரியவர் மறுநாள் எழுந்து என்ன செய்வார் என்று அவர்களுக்கு யாரும் காட்டியதே இல்லை.

மறுபக்கமும் உண்டு. மரீனாவில் ஐந்து மாதம் ஒன்றாகத் திரிந்த சிநேகிதர்கள் மே மாதம் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் அது சின்ன வலி இல்லை. படகு வாங்கப் பணம், விசா தடுக்காத பாஸ்போர்ட், இதெல்லாம் எல்லோருக்கும் வாய்க்காது. அரசாங்கமும் கேள்வி கேட்கத்தான் செய்யும். லாரா டெக்கர் 1995-இல் இதே ஃபாங்கரேயில், பெற்றோரின் படகுப் பயணத்துக்கு நடுவே பிறந்தவர். 13 வயதில் தனியாக உலகம் சுற்றக் கிளம்பியபோது நெதர்லாந்து நீதிமன்றம் தடுத்தது. பிறகு அனுமதி கிடைத்து, 2012 ஜனவரியில் 16 வயதில் பயணத்தை முடித்தார். நீதிமன்றம் குறுக்கிட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரு லாரா ஜெயித்ததை வைத்து எல்லாப் பிள்ளைக்கும் விதி எழுத முடியாது.

ஆகவே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் படகு ஏறுங்கள் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் வேண்டும். நான் கேட்பது கொஞ்சம்தான். அடுத்த முறை வீட்டில் மோட்டார் மக்கர் செய்து மெக்கானிக் வந்தால், பிள்ளையை உள்ளே போய்ப் படி என்று விரட்டாதீர்கள். பக்கத்தில் நிற்கட்டும். ஸ்பானர் எடுத்துக்கொடுக்கட்டும். எவ்வளவு செலவாயிற்று, ஏன் கெட்டது என்று அதற்கும் சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால், தெரியாது என்று பிள்ளை முன்னாலேயே மெக்கானிக்கிடம் கேளுங்கள்.